டப்பா தனியாகப் போகாது

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குச் சொந்தமான ஒன்றை அவரைக் கேட்காமல் எடுத்து ஊருக்குக் கொடுத்தவன் நான். ஒருமுறை செய்தது போதும்.

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவரை டப்பாம்மா என்போம். அவர் காதில் விழாமல்தான். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அடுத்தது ஆவடி. அந்தப் பத்து நிமிடத்துக்கும் டப்பா அவர் மடியில்தான் இருக்கும். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் அதில் வைக்க மாட்டார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வட்டமான தகர டப்பா. மூடியைச் சுற்றிப் பச்சை நூல் கட்டி முடிச்சுப் போட்டிருப்பார். ஒருநாள் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் பொழுது போகாமல் கேட்டார்.

"இன்னாம்மா, முறுக்கா?"

"சுவரு. தின்றியா?"

அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே நின்றிருந்த நான் சிரித்தேன். டப்பாம்மா அந்த ஆளைப் பார்த்த அதே பார்வையை என்மேலும் திருப்பினார். அவருடன் இருந்தால் யாராவது ஒருவர் எப்போதும் அவமானப்பட்டுக்கொண்டிருப்பார். நம் முறை எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

உள்ளே இருந்தது உண்மையில் சுவர்தான். கோடம்பாக்கத்தில் ஒரு பிலிம் லேபில் நெகடிவ் வெட்டுகிற வேலையில் இருந்தவர் அவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மற்றவர்கள் எடுத்த படங்களைப் பதினைந்து வருடம் வெட்டி ஒட்டினார். மிஞ்சிய துண்டுச் சுருள்களைக் கேட்டு வாங்கி, இரவல் கேமராவில் தனக்கென்று நான்கு குறும்படங்கள் எடுத்தார். கதை கிடையாது, பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. நான்கும் ஊமைப் படங்கள். லேபில் மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்த பிறகு, அந்த நான்கு படங்களையும் ஃபிலிம் சொசைட்டிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வாடகைக்குக் கொடுத்துத்தான் அடுத்த படத்துக்கு வழி பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிரிண்ட்.

நான் எங்கள் தொழிற்சாலை ஊழியர்கள் நடத்திய ஃபிலிம் சொசைட்டியின் செயலாளர். வேலை பார்த்தது ஆய்வுப் பிரிவில். வருகிற உதிரிப் பாகத்தை அளந்து, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். ஊரில் பௌதிகம் படித்து, மேல்படிப்பும் முடித்து வந்தவன். என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

படத்தோடு அவர் ஒரு தட்டச்சு செய்த தாளையும் கொடுப்பார். படம் தனியாக அனுப்பப்பட மாட்டாது, கூடவே நான் வருவேன். புரொஜெக்டரில் நானே மாட்டுவேன். நடுவில் நிறுத்தக் கூடாது. எழுந்து போகிறவர்களைத் தடுக்கக் கூடாது. படத்துக்கு முன்னால் யாரும் பேசக் கூடாது. அன்றைக்கே டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கீழே கையெழுத்துப் போட இடம். நான் முதல்முறை அதைப் படித்துவிட்டு, "பார்சலில் அனுப்பினால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம்தானே?" என்றேன்.

"டப்பா தனியா போவாதுயா. பச்சக் கொழந்தய பார்சல்ல அனுப்புவியா நீ?"

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். படத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, சுவர் என்றால் என்ன, ஈரம் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். இவர் சுருளைக் கழற்றி டப்பாவில் போட்டு நூலைக் கட்டினார். பேராசிரியர் பதறி ஓடி வந்து கேட்டதற்கு, "படம் போடறதுக்கு முன்னாடி அர்த்தம் சொல்றவன் சோத்துக்கு முன்னாடி ஏப்பம் வுடறவன்" என்று மாணவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்தக் கல்லூரி பிறகு அவரைக் கூப்பிடவில்லை. இப்படி அவராகவே அடைத்துக்கொண்ட கதவுகள் சில உண்டு. என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நடந்தது என்பதால் சொல்கிறேன்.

சுவர் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் சுண்ணாம்புச் சுவர். யாரோ ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் விசிறி அடிக்கிறார்கள். அப்புறம் அது காய்கிறது. பதினொரு நிமிடம். அவ்வளவுதான். ஏழாவது நிமிடத்தில், தலையில் எதையோ சுமந்துகொண்டு ஒரு பெண் போகிற நிழல், இரண்டு நொடி, சுவரில் விழுந்து போகும். ஆறு நிமிடம் சும்மா உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, எரிச்சல் பட்டு, பிறகு ஈரம் எந்தப் பக்கமாக வற்றுகிறது என்று நம்மை அறியாமல் பார்க்க ஆரம்பித்திருப்போம். அப்போது அந்த நிழல் வரும். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. "யார் நிழல்?" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்தே இல்ல? அவ்ளோதான்."

எங்கள் மனமகிழ் மன்றத்துக் கூடத்தில், ஞாயிறு மதியம், ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு அதைத் திரையிட்டோம். வேர்த்துக் கொட்டியது. திரை ஆடுகிறது என்று டப்பாம்மா மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். பாதிப் பேர் எழுந்து போனார்கள். முடிந்ததும் ஃபிட்டர் ஒருவர் கேட்டார். "யம்மா, எங்க ஊட்டு சுவரும் ஒரு மாசமா காயாம கீது. வந்து புடிக்கிறீங்களா?"

"உங்க ஊட்டு சுவரு ஒழுவுது. அது வேற படம். மொதல்ல ஓட்ட மாத்து."

கூடம் சிரித்தது. ஃபிட்டரும் சிரித்தார். டப்பாம்மா சிரிக்கவில்லை. சுருளை எடுத்து மூடி, நூலைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது படம் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் இந்த அலைச்சல் எல்லாம். அம்பத்தூர் ஏரியை ஒரே கரையிலிருந்து, வாரத்துக்கு ஒரு நிமிடம், ஒரு வருடம் எடுத்திருந்தார். நிரம்பியது, தளும்பியது, வற்றியது, வெடித்தது. எடுத்த சுருள்களைக் கழுவ லேபுக்குக் கொடுக்க வசதியில்லை. நான்கு படங்களின் வாடகை சேர்ந்தால்தான் முடியும். எடுத்த பிலிமைக் கழுவாமல் நம் ஊர் வெயிலில் வைத்திருந்தால் உள்ளே பதிந்த படம் மங்கி அழிந்துவிடும். அதனால் அந்த டப்பாக்களை பாலித்தீனில் சுற்றி வீட்டுக் குளிர்பெட்டியில் அடுக்கியிருந்தார். பால் வெளியே திரியும். தயிர் புளித்துப் பொங்கும். "ஊட்ல பிரிட்ஜி கீது, கொழம்பு வெக்க எடம் இல்ல" என்று அவர் தங்கையே என்னிடம் குறைப்பட்டாள். வாசல் பேச்சோடு அனுப்பப்படுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கக் கிடைத்ததில்லை.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு வருசம். மிஞ்சிப் போனா மூணு. அதுக்குள்ளார கழுவணும்."

அந்தச் சமயத்தில்தான் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வர ஆரம்பித்தது. சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஞாயிறு மதியம் கூடத்துக்கு வரவில்லை. வாடகை கேசட்டில் மூன்று படம் பார்த்தார்கள். அவர் தன் பக்கத்து வீட்டில் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பொருமினார்.

"பாட்டு வந்தா ஓட்டறான். அழுதா ஓட்டறான். சண்டைக்கு நிறுத்தறான். ரிமோட்டு கைல கீறவன் படம் பாக்க மாட்டான்யா. தேடுவான்."

"காலம் மாறுதுங்க. உங்க படத்தையும் கேசட்ல போட்டா நாலு பேர் பார்ப்பாங்க. பார்த்தவங்க ஃபிலிம்ல பார்க்கணும்னு ஆசைப்படுவாங்க. உங்களுக்குத்தானே வாடகை?"

"எச்சி எலைய காட்டி விருந்துக்கு கூப்டுவியா நீ?"

இந்தப் பேச்சு நடந்து இரண்டாம் மாதம் எங்களுக்குள் முறிந்தது. தொழிற்சாலையின் பெரிய அதிகாரி ஒருவரை, அவர் தயவில்தான் கூடம் எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, சுவர் படத்துக்கு அழைத்திருந்தேன். அவர் நான்காவது நிமிடத்தில் மனைவியோடு வந்தார். நான் புரொஜெக்டர் பக்கம் ஓடிப் போய், முதலிலிருந்து போடும்படி மெதுவாகக் கெஞ்சினேன். டப்பாம்மா மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"பெரிய ஆபீசர் வர்ற வரைக்கும் சுவரு ஈரமாவே கீணுமா, செக்ரட்டரி? சல்யூட் அடிக்கறதுன்னா வெளில போயி அடி. கூடத்துல நிழல் வுழுது."

அதிகாரி திரும்பிப் போய்விட்டார். அடுத்த மாதம் கூடம் மகளிர் தையல் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டது. ஆய்வுப் பிரிவில் ஒரு வாரம் என்னைப் பார்த்து சல்யூட் வைத்தார்கள். நான் அதை மறக்கவில்லை. வேறொரு சின்னக் கூடத்தைப் பிடித்து, அவர் படத்தையே மறுபடி போட்டேன். பெருந்தன்மை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவரை மறுபடி வரவழைத்து, கூட்டம் இல்லாத நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அன்றைக்குப் படம் முடிகிற நேரத்தில் ஒரு ஆள் வந்து டப்பாம்மாவிடம் சொன்னார்: தங்கைக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் முகம் வெளுத்ததை அப்போதுதான் பார்த்தேன். டப்பாவைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அதை எப்படி வைத்துக்கொண்டு நிற்பது? கூடத்தில் இருந்த எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"உன்ன எனக்குப் புடிக்காது, செக்ரட்டரி. ஆனா நீ ரூல் பாக்கறவன். உன் ஊட்ல வை. தொறக்காத. நாளைக்கு சாய்ங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

பச்சை நூலைக் கட்டி என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. நான் லீவு போட்டேன். நசரத்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரைக் கேமராவோடு வரச் சொன்னேன். முந்தின நாள் படத்துக்கு வாங்கியிருந்த பயிற்சிப் பிரிவின் புரொஜெக்டரை, லென்ஸைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். படுக்கையறையில் ஜன்னலை மூடி, எதிர்ச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நூலை அவிழ்த்தேன். முடிச்சு எப்படிப் போட்டிருந்தது என்பதை முதலில் ஒரு தாளில் வரைந்துகொண்டேன். ஆய்வுப் பிரிவுப் பழக்கம்.

பதிவுக்கு முன்னால் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தோம். வீடியோக்காரர் வேட்டிக்கு நேரே கேமராவை ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தார். "கறுப்புக் கோடு வுழுது சார். மேலேர்ந்து கீழ ஓடிக்கினே கீது."

"விழட்டும்."

"இன்னா சார் படம் இது? கல்யாண வீடியோல நலங்கு கூட இத்த விட ஸ்பீடா போவும்."

முதலிலிருந்து ஓட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தபோது சமையலறையில் குக்கர் மூன்று விசில் விட்டது. என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, இந்தத் தேங்காயை உடைச்சுத் தாங்க."

"இருடி, இந்தம்மா சுவரு காயட்டும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். கேமராவில் ஒலியும் பதிவாகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஊமைப் படம்தானே என்று யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். நான் வரைந்து வைத்தபடியே நூலைக் கட்டியிருந்தேன். முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தொறந்தியா?"

"இல்லைங்க."

தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கற்கண்டு. "பொண்ணு. ரெண்டும் பொழச்சிகிச்சிங்க" என்றார். பிறகு, அவரிடமிருந்து அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னார். "தாங்க்ஸ்யா."

அவர் படி இறங்கியதும் என் மனைவி கற்கண்டை வாங்கிக் கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது கேசட் போட்டேன். யாரிடமும் காசு வாங்கவில்லை. அதுதான் எனக்குப் பெருமை. அவருக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்த சொசைட்டிகளின் முகவரிகள் எல்லாம் செயலாளர் என்ற முறையில் என்னிடம் இருந்தன. கலை ஒரு டப்பாவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது, எளிய மக்களைச் சேர வேண்டும் என்று நல்ல தமிழில் ஒரு கடிதம் எழுதி, ஒவ்வொன்றாக அனுப்பினேன். நன்றிக் கடிதங்கள் வந்தன. ஒரு கூட்டத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். கடிதத்தில் எழுதியதை நான் நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். சல்யூட் என்ற ஒரு வார்த்தைக்காகச் செய்தேன் என்பதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள வெகு காலம் ஆயிற்று.

ஊரெல்லாம் பார்க்கிற படத்துக்குத் திருட்டுக் கேசட் வந்தால் அது கொஞ்சம் இளைக்கும், சாகாது. இவர் படத்தை வாடகைக்கு எடுக்க ஆள் இருந்ததே கைவிரல்களுக்குள். அத்தனை பேர் கையிலும் நான் கேசட்டைக் கொடுத்துவிட்டேன். வாடகை, புரொஜெக்டர், கம்பளி, அவர் வாய் எல்லாம் அவர்களுக்கு மிச்சம். ஃபிலிமில் பார்க்க யாரும் ஆசைப்படவில்லை. வேறு எந்தப் படத்தையும்கூடக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டோம், மற்றதும் இப்படித்தானே இருக்கும் என்றார்கள். உறுப்பினர் ஒருவர் என் கையைக் குலுக்கிச் சொன்னார். "பிரமாதம் சார். ஓட்டி விட்டேன். ரெண்டே நிமிஷத்துல காஞ்சிடுச்சு." நிழலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எந்த நிழல் என்றார்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். டப்பா இல்லை. பட்டணத்தில் ஒரு சொசைட்டிக்குப் போயிருக்கிறார். உங்கள் படத்தை எங்கள் உறுப்பினர் வீட்டில் பார்த்தாகிவிட்டது, ஆவடி நண்பர் அனுப்பினார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"போடு" என்றார்.

டெக்கில் கேசட்டைச் சொருகினேன். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து பதினொரு நிமிடமும் பார்த்தார். என் மனைவி காபி டம்ளரோடு வந்து, குக்கர் விசில் கேட்டதும் அப்படியே நின்றாள். பிறகு அவள் குரல். பிறகு என் குரல். பிறகு இரண்டு ஆண்களின் சிரிப்பு. சரியாக அப்போது நிழல் வந்து போனது.

"படம் ஊமை. நீ அத்த பேச வெச்சிட்டே" என்றார். "இன்னா பேச்சு!"

"நாலு பேருக்குப் போய்ச் சேரணும்னுதான்..."

"வாய மூடு. ரூல் பாக்கறவன்னு நெனச்சி குட்த்தேன். முடிச்ச கூட அளந்து கட்டியிருக்கே. திருட்லயும் இன்ஸ்பெக்சன்." எழுந்து நின்றார். "எத்தினி?"

"என்னது?"

"காப்பி. எத்தினி போட்டே?"

அவர் முகத்தைப் பார்த்து ஒன்பது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "ரெண்டு" என்றேன். "இது ஒண்ணு. பட்டணத்துக்கு அனுப்பினது ஒண்ணு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவர் டெக்கிலிருந்து கேசட்டை உருவி, மூடியைப் பிளந்து, நாடாவை முழங்கை வரை இழுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னொன்ன நான் பாத்துக்கறேன். அவ்ளோதானே? ரெண்டுதானே?"

"ரெண்டுதான்."

"ரெண்டுன்னா பொழச்சிக்கலாம்" என்றார். என்னிடம் சொன்னதில்லை அது. தனக்குத்தானே சொன்னார். காபியைக் குடிக்காமல் போனார்.

"பாவி" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான். நான் நடத்திய எந்தத் திரையிடலுக்கும் அவள் பிறகு வரவில்லை. சீக்கிரமே நடத்துவதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன், இரண்டு வருடம் கழித்து, அம்பத்தூர் பிளாட்பாரத்தில். ஒரு துணிக் கம்பெனிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கீழே காறித் துப்பிவிட்டு, வண்டியின் கடைசிப் பெட்டிக்கு நடந்து போனார்.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. சென்ற மாதம் ஒரு பெண் போன் செய்தாள். அம்பத்தூரில் இளைஞர்கள் சேர்ந்து படம் போடுகிறோம், உங்கள் பகுதியில் அந்தக் காலத்தில் ஃபிலிம் சொசைட்டி நடத்தினீர்களாமே, வரவேண்டும் என்றாள். என்ன படம் என்று கேட்டேன். சொன்னாள். "எங்க பெரியம்மா எடுத்தது சார்." அன்று கற்கண்டோடு வந்த செய்திக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

மாடியில் ஒரு சிறிய அறை. இருபது பேர் இருப்பார்கள். அந்தப் பெண் சுருக்கமாகப் பேசினாள். பெரியம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பிரிண்டுகள் நான்கும் பீரோவிலேயே புளிப்பு வாடை அடித்து, சுருளோடு சுருள் ஒட்டிப்போய்விட்டன. ஏரிப் படத்துச் சுருள்கள் கடைசி வரை குளிர்பெட்டியில் இருந்தன. பெட்டி ரிப்பேரான பிறகும் அவற்றை வெளியே எடுக்க விடவில்லை. எல்லாம் முடிந்த பின் இவள் சிரமப்பட்டு வடக்கே ஒரு லேபில் கழுவக் கொடுத்தாள். வந்தது வெறும் சாம்பல் நிறம். ஒரு நிமிடம்கூட ஏரி இல்லை. மிஞ்சியது சுவர் படம் மட்டும்தான். அதையும் எவரோ ஒரு பழைய கேசட்டிலிருந்து நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

படம் ஓடியது. கறுப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. குக்கர் விசில் விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. "ஏங்க, இந்தத் தேங்காயை உடைச்சுத் தாங்க." என் மனைவியின் குரல் எங்கள் வீட்டில் எதிலும் இல்லை. போட்டோக்கள்தான் இருக்கின்றன. அந்த அறையில், அத்தனை அந்நியர் நடுவில், முப்பத்தைந்து வயதில் பேசினாள். அடுத்து நான் சிரித்தேன்.

முடிந்ததும் ஒரு பையன் எழுந்து சொன்னான். "அந்த சவுண்ட் செம. குக்கர், கிச்சன், கூப்பிடற பொண்ணு. அப்புறம் அந்த ஆம்பளைங்க நக்கலா சிரிக்கறாங்க பாருங்க, அப்போதான் நிழல் வருது. அவங்க அத அப்பவே யோசிச்சிருக்காங்கன்னா..." மற்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கறுப்புக் கோட்டையும் ஒரு பெண் பாராட்டினாள்.

என்னை அழைத்திருந்த பெண்ணின் முகத்தில் அவ்வளவு பெருமை. "அம்மா வேற மாதிரி சொல்லுவாங்க. பெரியம்மா படத்துல சத்தமே கிடையாதுன்னு. அம்மா மறந்துட்டாங்க போல" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். "சத்தத்தை நிறுத்திட்டு மறுபடி போடும்மா. அது ஊமைப் படம்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அந்தச் சிரிப்பு என்னுது."

சொன்னேன். டப்பாவை, நூலை, வேட்டியை, கற்கண்டை, எல்லாவற்றையும். அவள் என் முன்னால் வந்து நின்றாள். பெரியம்மாவின் அதே பார்வை.

"எத்தினி?" என்றாள். "எத்தினி காப்பி போட்டீங்க?"

"ஒன்பது."

"பெரியம்மாகிட்ட ரெண்டுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாம்."

"அந்த ரெண்டையும் அவங்க கையாலயே கிழிச்சிட்டாங்க. அப்புறம் யாருன்னா கூப்டுவாங்க, கூப்டுவாங்கன்னு பாத்துக்கினே இருந்தாங்க. ஒருத்தரும் கூப்பிடல. ஏன்னு அவங்களுக்குப் புரியல. கேசட்டுதான் ரெண்டுமே போயிடுச்சே, அப்போ என் படம்தான் நல்லால்ல போலன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் அவங்க எதையும் எடுக்கல. சாவற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தாங்க சார்."

அவள் அழவில்லை. போய் லேப்டாப்பில் ஒலியை அடைத்தாள். மின்விசிறியின் இரைச்சல் இருந்தது. எழுந்து அதையும் நிறுத்தினாள். படத்தை முதலிலிருந்து ஓட விட்டாள்.

வேர்த்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஏழாவது நிமிடத்தில், யாரும் சிரிக்காமல், யாரும் தேங்காய் கேட்காமல், சுமையோடு போகிற பெண்ணின் நிழல் சுவரில் விழுந்து கடந்து போனது. என்னை அங்கே யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சுவர் முழுவதும் காய்கிறவரை பார்த்தேன்.